2029 பொங்கல் காலையில் ரேடியோவைப் போடுங்கள்

கலிபோர்னியாவின் சான் ரமோனில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கும், வார இறுதியில் அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த மடல்.

2029 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை. பொங்கல் நேரம். அன்று காலை நம் ஊர் வானத்தில் பகுதி சூரிய கிரகணம். சூரியனுக்குப் படையல் போடும் நாளில் சூரியனை நிலா மறைத்துக்கொண்டு போகப்போகிறது. நமக்கு இங்கே வரவிருக்கும் அடுத்த சூரிய கிரகணம் இதுதான். இன்னும் நாள் இருக்கிறதே, இப்போதே எதற்கு இந்த மடல் என்று நினைப்பீர்கள். நான் கேட்கப்போகும் காரியத்துக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். கடைசி வாரத்தில் கண்ணாடி வாங்க ஓடுவதுபோல் இதற்கு ஓட முடியாது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

கடந்த மூன்று கிரகணங்களை நாம் எப்படிக் கழித்தோம் என்று யோசித்துப் பாருங்கள். 2017 ஆகஸ்ட் 21 அன்று இங்கே சூரியனில் ஏறக்குறைய முக்கால் பங்கு மறைந்தது. 2023 அக்டோபர் 14 சனிக்கிழமையும் கிட்டத்தட்ட அதே அளவு. 2024 ஏப்ரல் 8 அன்று மூன்றில் ஒரு பங்கு. நம்மில் பாதிப் பேர் குளித்துவிட்டுச் சாப்பிடலாமா, சாப்பாட்டில் தர்ப்பை போட்டாயிற்றா, கர்ப்பிணிப் பெண் ஜன்னல் பக்கம் போகலாமா என்பதோடு நிறுத்திக்கொண்டோம். மீதிப் பாதிப் பேர் அட்டைக் கண்ணாடியைப் போட்டு ஒரு நிமிடம் பார்த்து, படம் எடுத்து, டாலஸில் முழு கிரகணம் பார்த்த உறவினரின் படத்துக்கு விருப்பக்குறி போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினோம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது ஒன்றுதான்: கிரகணம் என்றால் சூரியன் கொஞ்சம் தேயும், பிறகு வளரும்.

அது கிரகணத்தின் ஒரு பாதி மட்டுமே. நிலாவின் நிழல் தரையில் விழுவதற்கு முன்னால், நம் தலைக்கு மேலே இருக்கும் மெல்லிய காற்றின் மீது விழுகிறது. அங்கே நடக்கும் மாற்றத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால் கேட்கலாம். அதற்குப் பழைய ஏஎம் ரேடியோ ஒன்று போதும். அதைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு இது புதிய செய்தி இல்லை, மறந்த செய்தி. ஊரில் உங்கள் அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள். பகலில் உள்ளூர் நிலையம் மட்டும் பேசிக்கொண்டிருந்த மர்ஃபி ரேடியோவில், விளக்கு வைத்த பிறகு முள்ளைத் திருப்பினால் பெயர் தெரியாத மொழிகள் எல்லாம் வரும். தூரத்து நிலையத்தின் பாட்டு ஒரு நேரம் ஓங்கி, ஒரு நேரம் தேய்ந்து, மறுபடி ஓங்கும். கொழும்பிலிருந்து வந்த தமிழ் அறிவிப்பைக் கேட்க ரேடியோவைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கும் முற்றத்துக்கும் அலைந்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். இரவில் மட்டும் ஏன் அப்படி என்று அவர்களில் பலருக்கு யாரும் சொல்லவில்லை. நமக்குச் சொல்லித்தரப் பொறியியல் கல்லூரி இருந்தது. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லவில்லை.

காரணம் இதுதான். தரையிலிருந்து சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் 'டி' அடுக்கு இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் பட்டு அங்குள்ள வாயுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிகின்றன. அந்த உயரத்தில் காற்று இன்னும் ஓரளவு அடர்த்தியாகவே இருப்பதால், ஏஎம் அலை அங்கே போனதும் அசையத் தொடங்கும் எலக்ட்ரான்கள் பக்கத்து மூலக்கூறுகளில் முட்டி, அலையின் ஆற்றலை வெப்பமாக வீணடித்துவிடுகின்றன. பகலில் மேலே கிளம்பும் அலை அதோடு சரி. தரையை ஒட்டி வரும் அலை மட்டுமே நமக்குக் கிடைக்கும். சூரியன் மறைந்தால் பிரிந்த எலக்ட்ரான்கள் சில நிமிடங்களிலேயே மறுபடி சேர்ந்துகொள்கின்றன. டி அடுக்கு வற்றிவிடுகிறது. அதற்கும் மேலே உள்ள அடுக்குகள் இரவிலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அலை அதுவரை ஏறி, அங்கிருந்து வளைந்து, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்குகிறது. இரவில் லாஸ் ஏஞ்சலஸின் 640, 1070 எண் நிலையங்களும், சால்ட் லேக் சிட்டியின் 1160 எண் நிலையமும் சான் ரமோனில் கேட்பது இதனால்தான்.

கிரகணம் இதையே பட்டப்பகலில் செய்கிறது. நிலா சூரியனை மறைக்க மறைக்க டி அடுக்கு மெலிகிறது. விலக விலக மீண்டும் தடிக்கிறது. எங்கோ ஒரு நிலையம் இரைச்சலுக்குள்ளிருந்து மெல்ல எழுந்து வந்து, பிறகு இரைச்சலிலேயே அமிழ்ந்துபோகும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாலையும் இருட்டும்போது நிலையங்களும் மாறுகின்றன. அரசு விதிப்படி பல ஏஎம் நிலையங்கள் சூரியன் மறைந்ததும் திறனைக் குறைக்கும், அலை போகும் திசையை மாற்றும், சில நிலையங்கள் நிறுத்தியே விடும். ஆக மாலையில் காதுக்குத் தெரியும் மாற்றத்தில் எது வானம் செய்தது, எது மனிதர் செய்தது என்று பிரிப்பது கடினம். கிரகணத்துக்காக எந்த நிலையமும் திறனைக் குறைப்பதில்லை. அப்போது மாறுவது வானம் மட்டும். ஒரு காரணத்தைத் தனியே நிறுத்தி அதன் விளைவைப் பார்ப்பது என்று அறிவியலில் எதைச் சொல்கிறோமோ, அதை இயற்கையே அமைத்துக் கொடுக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எங்கே கிடைக்கும்?

2023 அக்டோபர் 14 காலை நான் சென்ட்ரல் பார்க் புல்வெளியில் ஒரு சின்ன டிரான்சிஸ்டரோடு உட்கார்ந்திருந்தேன். முள் 1160-ல் இருந்தது. பக்கத்தில் சான் ஹோசேயின் 1170 பலமான நிலையம். அதன் பேச்சு வழிந்து 1160-ஐ மூடிக்கொண்டிருந்தது. ரேடியோவை மெல்லத் திருப்பினேன். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை சான் ஹோசேயைப் பார்த்ததும் 1170 அடங்கியது. முதலில் வெறும் இரைச்சல். ஒன்பது மணி தாண்டி, வெயில் ஒரு மாதிரி வெளிறத் தொடங்கிய நேரத்தில், அந்த இரைச்சலுக்குள் ஓர் ஆண் குரலின் ஏற்ற இறக்கம் தெரிந்தது. சொற்கள் துண்டு துண்டாக வந்தன, போயின, மறுபடி வந்தன. பத்து மணிக்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் நம் ஊரில் கால் பங்கு சூரியன் மிச்சம் இருந்தது. ஆனால் இங்கிருந்து சால்ட் லேக் சிட்டிக்குப் போகும் பாதையின் நடுப்புள்ளி நெவாடாவில் இருக்கிறது. அலை மேலே போய் வளைவது அங்கேதான். அன்று நெருப்பு வளையமாகச் சூரியன் தெரிந்த பாதையும் நெவாடா வழியாகத்தான் போனது. நமக்கு மேலே எவ்வளவு மறைகிறது என்பதைவிட, நமக்கும் நிலையத்துக்கும் நடுவே எவ்வளவு மறைகிறது என்பதே கணக்கு. வரைபடத்தை விரித்து ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்ளும்.

பூங்காவில் அன்று நம் குடும்பங்கள் நிறையவே இருந்தன. கண்ணாடிகள் கைமாறின. ரேடியோ வேறு எவரிடமும் இல்லை. அந்தக் குறைதான் இந்த மடலாக வளர்ந்திருக்கிறது.

இதெல்லாம் விஞ்ஞானிகள் செய்ய வேண்டியது, நாம் என்ன செய்ய முடியும் என்று ஒதுங்காதீர்கள். இந்தத் துறை தொடக்கத்திலிருந்தே பொதுமக்களின் காதை நம்பி வளர்ந்தது. 1912 ஏப்ரலில் கிரகணத்தின்போது லண்டனில் எக்கில்ஸ் என்பவர் ரேடியோ அலைகளைக் கவனித்துப் பதிவு செய்தார். 1925 ஜனவரி 24 அன்று நியூயார்க் மீது முழு நிழல் விழுந்தபோது, சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ் வீடுகளில் இருந்த வானொலி நேயர்களையே தாங்கள் கேட்டதை எழுதி அனுப்பச் சொன்னது. 2017-ல் எக்லிப்ஸ்மாப் என்ற திட்டம் மாணவர்களிடமும் பொதுமக்களிடமும் கையால் கட்டும் ரிசீவர்களைக் கொடுத்தது. அவர்கள் பிடிக்க வேண்டிய அலைகளில் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? நமக்கு வடக்கே, சாக்ரமெண்டோ போகும் வழியில் உள்ள டிக்சனிலிருந்து. அங்கே கடற்படையின் ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிறது. நாம் அதைத் தாண்டித்தான் டாஹோவுக்குப் போகிறோம்.

அதே 2017-ல் நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகத்திலிருந்த நதானியேல் ஃப்ரிசெல் உருவாக்கிய ஹாம்சை அமைப்பு, அமெச்சூர் ரேடியோக்காரர்களை ஒன்றுதிரட்டிக் கிரகணத்தின்போது ஒருவரோடு ஒருவர் பேசவைத்தது. 2023-லும் 2024-லும் மறுபடி செய்தது. எவரோடு எவருக்கு எந்த நிமிடத்தில் தொடர்பு கிடைத்தது என்ற சாதாரணக் குறிப்புகள்தாம் அங்கே ஆய்வுத் தரவு. அந்த இரண்டு கிரகணங்களிலும் டி அடுக்கும் அதற்கு மேலுள்ள அடுக்குகளும் சேர்ந்த அயனமண்டலத்துக்குள் நாசா ராக்கெட்டுகளை அனுப்பியது; அந்தத் திட்டத்தை நடத்தியவர் இந்திய வம்சாவளி விஞ்ஞானி ஆரோ பர்ஜாத்யா. 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும் வளைய கிரகணம் தெரிந்தபோது இஸ்ரோ தும்பாவிலிருந்து ராக்கெட்டுகள் விட்டதும் இதற்காகத்தான். பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடி இந்தியாவை ஒட்டிப் போவதால், இந்த ஆராய்ச்சியில் நம் மண்ணுக்குத் தனி இடமே உண்டு. திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பது அதனால்தான். பாளையங்கோட்டையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் இங்கே வந்தவர்களே, நீங்கள் பிறந்த ஊரின் பெருமையில் இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கிரகணத்தன்று வெளியே வரக்கூடாது என்ற வழக்கத்தைக் கடைப்பிடிக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களோடு வாதாட நான் வரவில்லை. ரேடியோ கேட்க வெளியே வரவே வேண்டாம். அம்மா பூஜை அறையில் உட்கார்ந்து ஸ்லோகம் சொல்லட்டும். பிள்ளை ஜன்னலோரம் ரேடியோவை வைத்துக் கேட்கட்டும். சூரியனைப் பார்த்தால் கண் கெடும் என்ற பயம் நியாயமானது. காதுக்கு அந்த ஆபத்து இல்லை. கண்புரை விழுந்த தாத்தாவும், பிறவியிலேயே பார்வை இல்லாத குழந்தையும், கர்ப்பிணியும், நோயாளியும் சமமாக உட்கார்ந்து அனுபவிக்கக்கூடிய கிரகணம் இது ஒன்றுதான். நம்பிக்கை உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே மேஜையில் உட்காரவைக்கும் காரியம் நம் சமூகத்தில் அதிகம் இல்லை. கிடைத்ததை விட்டுவிட வேண்டாம்.

இன்னொரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் எத்தனை பேர் கம்பியில்லாத் தொடர்பிலேயே சம்பாதிக்கிறோம்! சிப் வடிவமைக்கிறோம், ஆன்டெனா அளக்கிறோம், அலைபேசி நெட்வொர்க்கைச் சோதிக்கிறோம். நம் பிள்ளைகளோ அலை என்றால் கைப்பேசித் திரையின் மேல்மூலையில் தெரியும் கோடுகள் என்று நினைக்கின்றன. கணக்கு வகுப்பு, கோடிங் வகுப்பு, போட்டித் தேர்வு என்று வாரம் முழுக்க நாம்தான் ஓட்டிச் செல்கிறோம். அங்கே கிடைக்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது. விடை இன்னும் எவருக்கும் தெரியாத ஒரு கேள்வியின் முன்னால் அவர்களை நாம் எப்போது உட்காரவைத்தோம்? அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, நம் வீட்டுக் கொல்லையில், 1160-ல் என்ன கேட்கும் என்பதை எந்தப் புத்தகமும் முன்கூட்டிச் சொல்லாது. கேட்டு எழுதும் பிள்ளைக்குத்தான் தெரியும்.

காலமும் நம் பக்கம் இல்லை. பல மின்கார்களில் ஏஎம் இப்போது கிடையாது. மோட்டாரின் இரைச்சல் அலையைக் கெடுக்கிறது என்று எடுத்துவிட்டார்கள். எல்லாக் கார்களிலும் ஏஎம் இருந்தே ஆக வேண்டும் என்று 2023-ல் செனட்டர்கள் எட் மார்க்கியும் டெட் குரூஸும் சேர்ந்து செனட்டில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். வேறு பலவற்றில் ஒத்துப்போகாத இருவர் இதில் கைகோத்ததற்குக் காரணம், காட்டுத்தீயிலும் நிலநடுக்கத்திலும் கைப்பேசிக் கோபுரங்கள் விழுந்தாலும் தூரத்து ஏஎம் நிலையம் பேசிக்கொண்டிருக்கும் என்பதுதான். கலவெரஸ் நிலப்பிளவின் பக்கத்தில் வீடு கட்டியிருக்கும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடும் ஏஎம் ரேடியோ ஒன்று எப்படியும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியது. கிரகணத்துக்காக வாங்கினால் இரண்டுக்கும் ஆயிற்று.

இனி நான் கேட்பதை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் ரேடியோ. முள்ளோ எண்ணோ, ஏஎம் இருந்தால் போதும். வீட்டுக்குள் எல்ஈடி விளக்கும், சார்ஜரும், கூரையில் சூரிய மின்தகட்டின் இன்வெர்ட்டரும் இரைச்சலைக் கொட்டும். முடிந்தவரை அவற்றை அணையுங்கள், இல்லையென்றால் திறந்த வெளிக்குப் போங்கள். இந்தக் குளிர்காலத்திலேயே பழகத் தொடங்குங்கள். மாலை ஐந்து மணிக்குச் சூரியன் இறங்கும்போது 1070-ல் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை பிள்ளையை ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஒன்று என்றால் இரைச்சல் மட்டும். ஐந்து என்றால் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல். 680-ஐயும் 740-ஐயும் போட்டுவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று அணைத்துவிடாதீர்கள். அவை நம் பக்கத்து நிலையங்கள். அவற்றின் அலை தரையை ஒட்டி வருவதால் கிரகணம் அவற்றைப் பெரிதாகத் தொடாது. தூரத்து நிலையத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

பிறகு மூன்று காலைகள். 2029-ல் காலம் நமக்கென்றே அமைந்திருக்கிறது. 13-ஆம் தேதி சனி. 14 ஞாயிறு, கிரகணம். 15 திங்கள், மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை. மூன்று நாளும் காலை ஏழு மணி முதல் பதினொரு மணி வரை, ஒரே ரேடியோ, ஒரே இடம், ஒரே நிலையங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு குறிப்பு. காலை வேளையில் டி அடுக்கு எப்படியும் தடித்துக்கொண்டே போகும். இரவு நிலையங்கள் தானாகவே தேய்ந்து மறையும். கிரகணத்தன்று அந்தத் தேய்தல் தாமதமாகிறதா, தேய்ந்தது மறுபடி எழுகிறதா என்பதே கேள்வி. சனியும் திங்களும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புக்குப் பொருள் இல்லை. வடக்கே கனடாவை நோக்கிப் போகப்போக அன்று மறைப்பு அதிகம். அதனால் சால்ட் லேக் சிட்டியோடு சியாட்டிலின் 1000-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்கு மறைப்பு பகுதிதான் என்பதால் மாற்றம் சிறிதாகவே இருக்கலாம். மாற்றம் தெரியவில்லை என்று நேர்மையாக எழுதிய குறிப்பும் குறிப்புதான். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, குறிப்பேடு தமிழில் இருக்கட்டும். நேரம், எண், குரல் தெளிவாக இருந்ததா, ஏறி இறங்கியதா, இரைச்சல் எப்படி என்று பிள்ளைகள் தாங்கள் கேட்டதைத் தங்கள் சொற்களில் எழுதட்டும். பண்டிகைக் கட்டுரையும் பழமொழி விளக்கமும் எழுதிச் சலித்த பிள்ளைகளுக்கு, தமிழில் எழுத உண்மையான ஒரு செய்தி கிடைக்கும். பொங்கல் விழா மேடையில் நடனத்துக்கும் நாடகத்துக்கும் நடுவே ஐந்து நிமிடம் ஒதுக்கி, எல்லா வீட்டுக் குறிப்புகளையும் ஒரே வரைபடமாகச் சேர்த்து அவர்களே காட்டட்டும்.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2031 மே 21 அன்று வளைய கிரகணம் கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடக்கிறது, அதுவும் நடுப்பகலில். இங்கே பழகிய பேரப்பிள்ளை, அங்கே இருக்கும் தாத்தாவுக்கு எந்த நிலையத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லித்தரலாம். 2045 ஆகஸ்ட் 12 அன்று முழு கிரகணத்தின் நிழல் வட கலிபோர்னியா வழியாகவே போகும். இன்று நான்காம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அன்று முப்பது வயது நெருங்கியிருக்கும். அன்று அவர்கள் கையில் ரேடியோ இருக்குமா, அதை எங்கே திருப்ப வேண்டும் என்று தெரிந்திருக்குமா என்பது 2029-ல் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆகவே, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரேடியோ, ஒரு நோட்டு, மூன்று காலைகள். இவ்வளவுதான் கேட்கிறேன். பொங்கல் பானையை வழக்கம்போல வையுங்கள், கண்ணாடியை வாங்குங்கள், உங்கள் வழக்கம் எதுவோ அதைச் செய்யுங்கள். கூடவே ரேடியோவையும் போடுங்கள். இந்த வாரமே தெருவுக்கு ஒருவர் முன்வந்து, நான்கு வீடுகளைச் சேர்த்துக்கொண்டு, ஒரு மாலை பழகிப் பாருங்கள். எந்த நிலையம் உங்கள் வீட்டில் நன்றாகக் கேட்கிறது என்று பட்டியல் போட்டுத் தமிழ்ப் பள்ளியில் கொடுங்கள். 2029 ஜனவரிக்குள் சான் ரமோனின் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் தூரத்து நிலையம் ஒன்றையாவது தன் கையால் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும். அதை நீங்கள் செய்து தாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்